என் புரோகிராமை நான்தான் எழுதினேன்

வரலாறு படித்துக்கொண்டே கணினி அறிவியலை மைனராக எடுத்திருக்கிறேன் என்று வீட்டில் சொன்ன அன்று சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

“மைனர்னா சில்க் ஜிப்பா, கழுத்துல செயினு, கையில வெத்தலப் பொட்டி எல்லாம் வேணுமேம்மா. எங்க?”

நானும் சிரித்தேன். முதன்மைப் பாடத்தோடு வேறொரு துறையையும் கொஞ்சம் படிப்பதற்கு எங்கள் கல்லூரியில் வைத்திருந்த பெயர் அது. கணினித் துறையின் சொந்த மாணவர்கள் ‘மேஜர்’. வரலாறு, பொருளாதாரம், உளவியல் என்று வேறு இடங்களிலிருந்து வந்த நாங்கள் பதினோரு பேர் ‘மைனர் பேட்ச்’. வெறும் நிர்வாகச் சொல் என்றுதான் நினைத்தேன்.

மேஜர் மாணவர்களுக்கு லேப் வாரம் முழுவதும் திறந்திருக்கும். எங்களுக்குச் சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம். அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனி லாகின், தனி பாஸ்வேர்டு. எங்கள் பதினோரு பேருக்கும் சேர்த்து ஒரே லாகின். அதன் பாஸ்வேர்டு வெள்ளைப் பலகையின் மூலையில் எப்போதும் எழுதியிருக்கும். நாங்கள் எழுதுவதெல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடக்கும். முதல் மாதமே விரிவுரையாளரிடம் போய், தனி லாகின் கிடைக்குமா என்று கேட்டேன். “நீங்க என்ன ராக்கெட்டா விடப்போறீங்க? பிடம்மா” என்றார். விட்டுவிடு என்பதைக் கன்னடத்தில் அன்பாகச் சொல்கிற மாதிரி சொன்னார். விட்டுவிட்டேன். அது என் தவறு.

மூன்றாம் ஆண்டில் ஒரு சிறு புராஜெக்ட் செய்யவேண்டும். தலைப்பு நம் விருப்பம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தேவாலயத்தில் பழைய கல்லறைப் பதிவேடுகள் இருந்தன. எங்கள் பகுதி வெள்ளைக்காரர்களின் ராணுவக் குடியிருப்பாக, கண்டோன்மென்டாக, இருந்த காலத்தில் வேலை தேடி இங்கே வந்து இங்கேயே இறந்தவர்களின் பெயர், வயது, சொந்த ஊர் எல்லாம் அதில் இருக்கும். வரலாற்று வகுப்புக்காகப் பங்குத்தந்தையிடம் அனுமதி வாங்கி அவற்றைப் படம் எடுத்து வைத்திருந்தேன். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணப் பார்த்தால் முடியவில்லை. எழுதினவர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். திருப்பத்தூர் ஓரிடத்தில் ‘ட்ரிப்படோர்’, இன்னோரிடத்தில் ‘டிருப்பட்டூர்’. திருவண்ணாமலை ‘ட்ரினோமலி’. சோளிங்கருக்கு மட்டும் ஏழு எழுத்துக்கூட்டல் எண்ணினேன். ஊர் ஒன்றுதான், கணினிக்கு அவை ஏழு ஊர்.

இந்தச் சிதறலை ஒன்றுசேர்க்க ஒரு புரோகிராம் எழுதலாம் என்று தோன்றியது. பெயர் ‘ட்ரி’ என்று தொடங்கினால் ‘திரு’ என்று எடுத்துக்கொள். ‘ஓர்’ என்று முடிந்தால் அது ‘ஊர்’. பேட்டா, பேட், பெட்டா எல்லாம் பேட்டை. இப்படி ஒவ்வொரு விதியாகச் சேர்த்தேன். ஒரு விதி சேர்த்தால் வேறு இரண்டு ஊர் தப்பாக ஒட்டிக்கொள்ளும், மறுபடியும் பிரிக்கவேண்டும். ஒன்பது சனிக்கிழமைகள் ஆயின. சாதம் சாப்பிட்டுவிட்டு வந்து தூங்கி விழும் மற்றவர்களுக்கு நடுவே நான் மட்டும் தட்டிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு வாரமும் எழுதி முடித்ததை எனக்கே மெயில் அனுப்பிக்கொள்வேன், வீட்டில் அப்பாவின் பழைய மடிக்கணினியில் திருத்திப் பார்க்க. கடைசிச் சனிக்கிழமை ‘ட்ரினோமலி’ என்று அடித்ததும் திரையில் திருவண்ணாமலை வந்தது. லேப் அசிஸ்டென்ட் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இங்கே தொம்மலூரிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். “எங்க அம்மா ஊருடி அது!” என்றார்.

புராஜெக்டைக் கொடுத்த பத்தாம் நாள் விரிவுரையாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு அச்சுப்பிரதிகள். ஒன்று என்னுடையது. இன்னொன்று ஒரு மேஜர் மாணவனுடையது. வகுப்பில் முதலிடம் வாங்குகிறவன். இரண்டும் ஏறக்குறைய ஒன்று. நான் எழுதியிருந்த குறிப்புகளை மட்டும் நீக்கியிருந்தான். ‘வீட்டுக்குப் பொருள் அனுப்பும் கம்பெனிகளுக்கு முகவரி திருத்தும் மென்பொருள்’ என்று தலைப்புப் போட்டிருந்தான்.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவர் அதைக் குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

“அவன் ஒரு வாரம் முன்னாடியே குடுத்துட்டான்” என்றார்.

“அவங்களுக்குக் கடைசித் தேதியே ஒரு வாரம் முன்னாடிதானே சார்?”

“அவன் உன் ஃபிரெண்டா?”

“நான் அவன்கிட்டப் பேசினதே இல்ல, சார்.”

“பாரும்மா, மைனர் ஸ்டூடென்ட்ஸ் ஹெல்ப் வாங்கிக்கறது சகஜம்தான். ஹிஸ்டரி படிக்கற பொண்ணு இத எழுதினேன்னா யார் நம்புவாங்க? தப்புனு ஒரு லெட்டர் எழுதிக் குடு. பாஸ் மார்க் போட்டுடறேன். மேல போகாம நான் பாத்துக்கறேன்.”

கருணை காட்டுகிறாராம். பலகையில் பாஸ்வேர்டு எழுதிவைத்த ஃபோல்டரிலிருந்து என் பொருளை எடுத்தவனுக்கு ஒரு கேள்வியும் இல்லை; எனக்குப் பாஸ் மார்க் பிச்சை. எழுதித் தரமாட்டேன் என்றேன். குரல் நடுங்கியது, அந்த நடுக்கத்துக்காக இன்றும் எனக்கு எரிச்சல்.

வீட்டில் சொன்னேன். அம்மா அல்சூரில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சட்டியில் தாளித்துக்கொண்டிருந்தவர் அடுப்பை அணைத்துவிட்டு, “எங்கயாவது பாத்துக்கினு எழுதினியா? அம்மாகிட்ட மறைக்காத” என்றார்.

சாப்பிடாமல் உள்ளே போனேன். துறைத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். என்னை விசாரிக்கவேண்டும், அவனையும் விசாரிக்கவேண்டும், இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து விசாரிக்கவேண்டும் என்று. ஒன்பது மெயில்களையும் தேதியோடு அச்செடுத்து இணைத்தேன். அம்மா பின்னால் வந்து நின்று அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசித் தாளை வைத்துவிட்டு, “நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்றார். இந்த விஷயத்தில் என்னிடம் வருத்தம் தெரிவித்த ஒரே ஆள் அம்மாதான்.

விசாரணைக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். துறைத் தலைவர் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி. அதிகம் பேசாதவர். பக்கத்தில் அதே விரிவுரையாளர். என் மெயில்களைப் பார்த்த விரிவுரையாளர், “தேதி இருக்கு, சரி. இவளுக்கு வேற யாராவது எழுதி அனுப்பியிருக்கலாமே?” என்றார். எனக்கு நானே அனுப்பிய மெயில் அது!

துறைத் தலைவர் அவனுடைய பிரதியை எடுத்து, ஒரு வரியின் கீழ் கோடிட்டு அவன் பக்கம் நகர்த்தினார்.

“இது என்ன?”

“பேர் ‘ட்ரி’னு ஸ்டார்ட் ஆனா மாத்தற ரூல், மேடம்.”

“எதுக்கு?”

“ஸ்பெல்லிங் மிஸ்டேக்குக்கு.”

“வீட்டுக்குப் பார்சல் வாங்கறவங்க யாராவது திருப்பத்தூர ட்ரிப்படோர்னு எழுதுவாங்களா? உங்க டேட்டால அப்படி எத்தன அட்ரஸ் இருந்தது?”

அவன் விரிவுரையாளரைப் பார்த்தான். விரிவுரையாளர் பேனா மூடியைப் பார்த்தார்.

பிறகு துறைத் தலைவர் என்னைக் கேட்டார். பதிவேட்டின் படங்களைக் காட்டினேன். மையில் எழுதிய கோணல் எழுத்துகளில் ட்ரிப்படோர் இருந்தது. எந்த விதி எந்தப் பக்கத்தைப் பார்த்து வந்தது, எந்த விதியால் எந்த இரண்டு ஊர் தப்பாகச் சேர்ந்தன, அதை எப்படிப் பிரித்தேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தவில்லை. அவர் நிறுத்தச் சொல்லவும் இல்லை.

அன்று மாலையே முடிவு வந்தது. எனக்கு முழு மதிப்பெண். அவனுக்கு எச்சரிக்கை; புராஜெக்டைத் திரும்பச் செய்ய மூன்று வாரம் அவகாசம். எனக்குத் தந்த தாளில், ‘மாணவி மீதான சந்தேகம் நீங்கியது’ என்று ஒரே ஒரு வரி. நான் எழுதியது என்று அதில் இல்லை. அவன் எடுத்தான் என்று இல்லை. சந்தேகம் ஏதோ மழைமேகம் மாதிரி தானாக வந்து தானாகக் கலைந்தது போல.

இரண்டு நாள் கழித்து அல்சூர் மெட்ரோ பிளாட்பாரத்தில் அவனே என்னிடம் வந்தான். ஆங்கிலத்தில்தான் பேசினான்.

“உனக்கு மார்க் வந்துடுச்சே, இதப் பெரிய விஷயமாக்கணுமா? எனக்குக் கேம்பஸ் இன்டர்வியூ இருக்கு. உனக்கு இது மைனர்தானே?”

அவன் கெட்டவன் மாதிரிப் பேசவில்லை. உண்மையாகவே புரியாதவன் மாதிரிக் கேட்டான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “ஒன்பது சனிக்கிழமை” என்று மட்டும் சொன்னேன். அவன் மேலே பேசுவதற்குள், அப்போது வந்து நின்ற ரயிலில் ஏறிவிட்டேன். அது என் திசையில் போகிற ரயில்கூட இல்லை.

அடுத்த மாதம் துறையின் ஆண்டுக் கண்காட்சி. விரிவுரையாளர் வராந்தாவில் என்னை நிறுத்தினார். முகமெல்லாம் சிரிப்பு.

“உன் புரோகிராம டிஸ்ப்ளேல வெக்கலாம்மா. பழைய ரெக்கார்ட்ஸ், கம்ப்யூட்டர், ரெண்டும் சேர்ந்தா விசிட்டர்ஸுக்குப் பிடிக்கும். ‘நம்ம டிபார்ட்மென்ட் ஸ்டூடென்ட்’னு போட்டுடலாம்.”

“எந்த டிபார்ட்மென்ட் சார்?”

“நம்மதுதான், கம்ப்யூட்டர் சயின்ஸ்.”

“ஹிஸ்டரி படிக்கற பொண்ணு இத எழுதினேன்னா யார் நம்புவாங்க, சார்?”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. “நீ ரொம்ப எமோஷனலா எடுத்துக்கற” என்றார். ஆமாம், எடுத்துக்கொண்டேன். தரமாட்டேன் என்றும் சொன்னேன். இந்த முறை குரல் நடுங்கவில்லை. கண்காட்சியில் அந்த மேஜர் மாணவனின் புதிய புராஜெக்ட் வைத்திருந்தார்கள், இரண்டாம் பரிசு வாங்கியதாகக் கேள்விப்பட்டேன். நான் போகவில்லை.

படிப்பு முடியும் முன் எங்கள் பதினோரு பேரிடமும் கையெழுத்து வாங்கி முதல்வருக்கு ஒரு மனு கொடுத்தேன். தனி லாகின், வார நாளில் ஒரு லேப் நேரம், இரண்டே கோரிக்கை. நாங்கள் வெளியே வந்த பிறகுதான் இரண்டும் கிடைத்தன. போன மாதம் அந்தக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும் ஒரு பெண், தெரிந்தவர்கள் மூலம் என் எண்ணைக் கண்டுபிடித்து அழைத்தாள்.

“அக்கா, நீங்க எழுதிக் குடுத்ததாலதான் எங்களுக்கு லாகின் வந்துச்சாம். ரொம்ப தேங்க்ஸ்க்கா.”

தேங்க்ஸ் எதற்கு, அது முதல் நாளே உங்களுக்கு வந்திருக்கவேண்டியது என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.  “ஆமாக்கா” என்றாள் அந்தப் பெண்.