குறை சொல்லாத ஊரில் ஒரு டீ மெஷின்

மெஷினை விற்கிறவர்களுக்குக் கமிஷன், அதைப் பொருத்தப் போகிறவர்களுக்கு வயிற்றுவலி. எங்கள் தொழிலைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. லிஃப்ட், ஜெனரேட்டர், மாவு மெஷின் என்று எதையாவது ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு, கஸ்டமர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் என் சக பாவிகளே, இதைப் படித்தால் உங்களுக்காவது என் வயிற்றெரிச்சல் புரியும்.

எனக்கு ஊர் கல்கத்தா, வீடு லேக் கார்டன்ஸ், ஆபீஸ் பாலிகஞ்ச். தேயிலையை உலர்த்தும் மெஷின் செய்கிற கம்பெனி. இன்ஜினியர் என்று பெயர்தானே தவிர, ஸ்பேர் பார்ட்ஸ் கேட்டு வரும் போனை எடுப்பதுதான் வருஷக்கணக்காக என் உத்தியோகம். மேற்கு ஜாவாவில் ஒரு மலைக் கிராமத்துத் தேயிலைக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து எங்களிடம் ஒரு மெஷின் வாங்கினார்கள். போய்ப் பொருத்த ஆள் இல்லை. ஒருத்தருக்குப் பாடாவில், அதாவது அவர் பேட்டையில், பூஜை கமிட்டி, இன்னொருத்தருக்கு மாமியார் ஆபரேஷன். வேறு வழியில்லாமல் எங்கள் பாஸ் சான்யால்-தா ('தா' என்றால் அண்ணா) என்னைக் கூப்பிட்டார். "கஸ்டமர் வாயால திருப்தின்னு சொல்லணும். சொன்னா இனிமே உனக்கு வெளியூர் வேலைதான். சொல்லலேன்னா உன் டெலிபோன் இங்கேயே காத்துக்கிட்டிருக்கும்!"

எங்கே போறீங்க?

கிராமம் என்றால் ஒரு சரிவு, சரிவு முழுக்கச் சிவப்பு ஓட்டு வீடுகள், நடுவில் ஒரு மசூதி, வீட்டுக்கு வீடு ஒரு மீன் குளம். நான் தங்கியது இபு நெனி வீட்டில். 'இபு' என்றால் நம் 'அம்மா' மாதிரி ஒரு மரியாதை. அவர் பள்ளிக்கூட டீச்சர், கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். அவர்கள் பாஷையை நானும் ஓரளவு படித்துக்கொண்டுதான் போயிருந்தேன்; தடுக்கினால் இபு நெனி. முதல் நாள் காலை டூல் பையோடு படியிறங்கினேன். எதிர்வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு, "எங்கே போறீங்க?" என்றார்.

வெளியே கிளம்பும்போது இப்படி ஒரு கேள்வி விழுந்தால் எங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். திரும்பி உள்ளே வந்தேன், உட்கார்ந்தேன், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினேன். அடுத்த வீட்டு அம்மா: "எங்கே போறீங்க?" மறுபடி உள்ளே. மறுபடி தண்ணீர். ஷெட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, எனக்கோ பாத்ரூம் எங்கே என்று தேடுகிற நிலைமை. அங்கே அதுதான் வணக்கம் சொல்கிற முறையாம்! எதிர்வீட்டுக்காரருக்கு என் சங்கடத்தை இபு நெனி எடுத்துச் சொன்னபோது அவர் பதறிப்போனார். "ஐயோ, எனக்குப் பதிலே வேண்டாமே! சும்மா 'அப்படியே'ன்னு கையைக் காட்டிட்டுப் போங்கம்மா."

இன்னும் இல்லை

அந்த ஊரில் 'இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதைக் குறைவு. 'இன்னும் இல்லை' என்றுதான் சொல்ல வேண்டும். என்னைப் பார்க்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் கல்யாணம் ஆச்சா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஏதோ துக்கச் செய்தி மாதிரி. இபு நெனி என் தொடையில் தட்டி, "இன்னும் இல்லைன்னு சொல்லு" என்றார். சொன்னேன். எல்லோருக்கும் உயிர் வந்தது, பலகாரத் தட்டும் வந்தது.

கல்கத்தாவில் ஆட்டோக்காரரிடம் கேட்டால்கூட 'ஹொபே நா', முடியாது, என்று முகத்தில் அறைந்த மாதிரி பதில் வரும். அங்கே வளர்ந்த எனக்கு இது புதுசு. பேச்சைத் தொடரவேண்டுமே என்று, பல்லெல்லாம் போன ஒரு பாட்டியிடம் கல்கத்தா பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். மலையைவிட்டு இறங்கியே பழக்கமில்லாத அந்த அம்மாள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் இல்லை."

காற்று உள்ளே போய்விட்டது

மலைக்குளிர். ஒரே ஒரு தும்மல்தான் போட்டேன். அடுப்படியிலிருந்து இபு நெனி ஓடி வந்தார், பின்னாலேயே பக்கத்து வீட்டு அம்மாவும். உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டதாம். என்னைக் குப்புறப் போட்டு, முதுகில் எண்ணெய் தடவி, ஒரு நாணயத்தை எடுத்துச் சரட் சரட்டென்று தேய்த்தார்கள். தேங்காய் துருவும்போது தேங்காய்க்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சாயந்திரம் அம்மாவிடமிருந்து வீடியோ கால். நான் தலையைத் திருப்பியதுதான் தாமதம், கழுத்தில் சிவப்பு வரிகளைப் பார்த்துவிட்டாள். "யாருடி உன்னை அடிச்சது? டேய், அவளுக்கு டிக்கெட் போடுடா!" என்று அலறியது கல்கத்தாவின் இன்னொரு கோடியில், நியூ டவுனில் இருக்கும் என் தம்பிக்குப் போன் இல்லாமலே கேட்டிருக்கும். சமாதானப்படுத்தப் போனை இபு நெனியிடம் கொடுத்தேன். அவர் என் கழுத்துத் துணியை இன்னும் கீழே இறக்கிக் காட்டிப் பெருமையாகச் சொன்னார்: "பாருங்க, எவ்வளவு அருமையாச் செவந்திருக்கு! உங்க பொண்ணு உடம்புல அவ்வளவு காத்து!"

எலுமிச்சம்பழம்

மெஷினை ஓட விடுவதற்கு முன்னால் ஊரே ஷெட்டில் பாய் விரித்து உட்கார்ந்து, துஆ ஓதி, கூம்பாகக் குவித்த மஞ்சள் சோற்றைப் பங்குபோட்டுச் சாப்பிட்டது. இது எனக்குப் புரிந்தது. கல்கத்தாவில் விஸ்வகர்மா பூஜை அன்றைக்கு எந்த ஒர்க்ஷாப்பில் மெஷின் ஓடும்? சோறு பரிமாறிக் கொண்டிருந்தபோது, என் பங்குக்கு நானும் யாருக்கும் தெரியாமல் மெஷினின் காலடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தேன்.

சங்கத் தலைவர் பாக் ஆசெப் வந்தார். 'பாக்' என்றால் ஐயா. ஒல்லியான மனிதர், எப்போதும் தொப்பி, எப்போதும் புன்னகை. பழத்தை எடுத்துக் கழுவி, என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் மறுபடி வைத்தேன். மறுபடி கழுவிக் கொண்டுவந்தார். மூன்றாம் முறை வைத்துவிட்டுத் திரும்பினால், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கிறார். "அம்மா, இங்கே தரை கொஞ்சம் சரிவு. உங்க பழம் உருண்டுக்கிட்டே இருக்கு. மன்னிச்சுக்கணும்."

ரொம்ப நல்லா இருக்கு

அன்றைய முதல் ஓட்டத்தில் என் மானம் போயிற்று. எங்கள் மெஷினில் கீழே விறகு அடுப்பு, மேலே சூடான காற்று. புகை தனி வழியாகப் போய்விட வேண்டும்; இலைமேல் காற்று மட்டும்தான் படவேண்டும். இரண்டுக்கும் நடுவில், சுத்தம் செய்வதற்கென்று ஒரு சின்ன இரும்புக் கதவு. அது சரியாக மூடவில்லை. புகை கசிந்து தூளெல்லாம் விறகு வாடை. எங்கள் ஆபீஸ் டேஸ்டிங் ரூமில் அந்த வாடை வந்தால் துப்பிவிட்டு வாய் கொப்பளிப்பார்கள். வெட்கமாகிப் போய், கொட்டிவிடுங்கள் என்றேன். கொட்டவில்லை. ஆளுக்கொரு பொட்டலம் கட்டி எடுத்துப் போனார்கள். என் மனசு நோகக்கூடாதென்று எடுத்துப்போகிறார்கள், என்ன நல்ல ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கதவை இறுக்கி அடைத்தேன். துளிப் புகை இல்லை. தூள் பளபளவென்று வந்தது. எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். ரொம்ப நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு. ஆனால் நாளாக ஆக ஷெட்டுக்கு இலை வருவது குறைந்தது. வீட்டுக் கொல்லைகளில் பழையபடி வாணலியில் தேயிலை வறுக்கிற வாசனை. போனில் சான்யால்-தா தினமும் குடைந்தார், கஸ்டமர் என்ன சொல்கிறார் என்று. மெஷின் ஏன் சும்மா கிடக்கிறது, இதில் உங்களுக்கு என்ன பிடிக்கவில்லை என்று பாக் ஆசெப்பிடமே கேட்டேன். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. அவர் மெஷினைச் சுற்றிவந்து, அன்போடு தடவிக் கொடுத்தார். "பெயிண்ட் ரொம்ப அழகான பச்சை."

மூச்சு முட்டுகிறது

இதற்கு நடுவில் இன்னொரு தொல்லை. தினமும் நான் இறுக்கிவிட்டுப் போகிற கதவின் போல்ட், மறுநாள் காலையில் தளர்ந்திருக்கும். அதிர்வு என்று நினைத்தேன். புது வாஷர் போட்டேன். இரட்டை நட் போட்டேன். காலையில் பார்த்தால் இரண்டும் தளர்ந்து, தூளில் மறுபடி அந்தப் பாழாய்ப்போன விறகு வாடை. டெலிபோன் மேஜை கண்முன் வந்து நின்றது.

ஒருநாள் காலைப் பலகாரம்கூடச் சாப்பிடாமல் ஓடினேன். யாரோ ஒருவர் மெஷினுக்குப் பக்கத்தில் மண்டியிட்டிருக்கிறார். கையில் ஸ்பேனர், அதுவும் என் ஸ்பேனர்! திரும்பினார். பாக் ஆசெப். தொப்பி, புன்னகை எல்லாம் அப்படியே இருந்தது, முகம் மட்டும் கத்தரிக்காய் நிறம். "இல்லம்மா... பாவம், மெஷினுக்கு மூச்சு முட்டுதோன்னு தோணிச்சு."

கெட்ட டீ

நேரே இபு நெனியிடம் போய்க் குமுறித் தீர்த்தேன். சங்கத் தலைவரே தன் மெஷினைக் கெடுக்கிறார், இப்படியும் ஒரு அநியாயம் உண்டா என்று. இபு நெனி இரண்டு கிளாஸ் டீ போட்டு வைத்தார். ஒன்று என் மெஷின் டீ. சுத்தம், வெந்நீருக்கு அக்கா முறை. மற்றது அவர்கள் வாணலி டீ. ஒரு வாய் குடித்தேன். அடுப்படி, மழை, விறகு எல்லாம் சேர்ந்து தொண்டையில் இறங்கியது. அந்தக் குளிருக்கு அது வேண்டியிருந்தது. இன்னொரு வாய் குடித்தேன். கிளாஸ் காலி.

வெட்கக்கேடு என்று நான் கொட்டச் சொன்ன அந்த முதல் நாள் தூளைத்தான் ஊர் போற்றிப் பாதுகாத்துக் குடித்துக் கொண்டிருந்திருக்கிறது! நான் தினமும் பாடுபட்டு அடைத்தது குறையை இல்லை, ருசியை. விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது? யாரும் சொல்லவில்லை. இபு நெனிகூடச் சொல்லவில்லை, காலி கிளாஸைப் பார்த்துக்கொண்டு சுற்றி வளைத்துப் பேசினார். "எங்க டீ கெட்ட டீ. புகை அடிக்கும். படிச்சவங்க குடிக்கமாட்டாங்க. இன்னொரு கிளாஸ் தரட்டுமா?"

புகை போடுகிற மெஷின்

சான்யால்-தாவுக்குப் போன் போட்டு, கதவில் ஒரு கைப்பிடி வைத்து வேண்டுமட்டும் புகையை உள்ளே விடப்போகிறேன் என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது பாருங்கள் இடி: "ஆரே பாபா, ஜென்மம் பூரா புகை வராம இருக்கறதுக்கு மெஷின் பண்ணிக்கிட்டிருக்கோம், நீ புகை வரவழைக்கப் போறியா? திருப்தின்னு கஸ்டமர் சொல்லாம நீ தம்தம் ஏர்போர்ட்ல வந்து இறங்காதே!"

குறை

கைப்பிடி வைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், வாழ்க்கையில் நான் செய்த முதல் சொந்த வேலை அது. இலை வந்தது, மூட்டை மூட்டையாக வந்தது. ஆனால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் மறுபடி அதே பாட்டு: ரொம்ப நல்லா இருக்கு. அதே புன்னகை. இதை எப்படி நம்புவது? எது நிஜம், எது மரியாதை? பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் ஷெட்டில் எல்லார் முன்னாலும் வெடித்துவிட்டேன். "ஒரு குறையாவது சொல்லுங்களேன்! உங்களுக்குக் கோடிப் புண்ணியம்!" அந்த ஊரில் குரலை உயர்த்துகிறவர்கள் கிடையாது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியைக் கட்ட ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை வாசலில் பாக் ஆசெப். தலையில் தொப்பி இல்லை, முகத்தில் புன்னகையும் இல்லை. கையில் ஒரு கிளாஸ் டீ. இத்தனை நாளும் என்னை 'இன்ஜினியர் அம்மா' என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு 'நெங்' என்றார். வீட்டுச் சின்னப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கிளாஸை என் மூக்குக்கு நேரே நீட்டி, அண்ணன்காரன் அதட்டுகிற மாதிரி அதட்டினார்: "நெங், என்ன வேலை பார்த்து வெச்சிருக்கே நீ? புகை ஜாஸ்தி, வாயில வைக்க முடியலே. வந்து குறைச்சுக் குடு!"

நல்ல பேர் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய இன்ஜினியர்கள் எங்கள் ஆபீசில் எத்தனையோ பேர் உண்டு, கண்ணில் நீர் முட்ட ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு மலைச்சரிவில் ஓடும் அளவுக்குத் திட்டு வாங்கிய ஒரே ஆள் நான்தான்.