பட்டப்பகல் தீபம்

தீபத்தன்று எங்கள் ஊரில் யாரும் அவசரப்பட்டு வீட்டில் விளக்கேற்ற மாட்டார்கள். அகலில் எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உச்சியில் தீ தெரிந்து ஊரே 'அரோகரா' என்று கத்திய பிறகுதான் குச்சியைக் கிழிப்பார்கள். நான் அடி அண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவன். இந்தப் பழக்கத்தை ஆப்பிரிக்காவுக்கும் தூக்கிக்கொண்டு போனேன் பாருங்கள், அதுதான் வம்பாகிப் போனது.

அப்போது எங்கள் பட்டாலியன் அமைதிப்படையாக அங்கே ஒரு நாட்டில் இருந்தது. உள்நாட்டுச் சண்டைக்குப் பயந்து ஓடிவந்த ஜனங்கள் ஒரு பெரிய முகாமில் இருந்தார்கள். அவர்களுக்குக் காவல் எங்கள் வேலை. நான் சி.ஓ.வின் டிரைவர். சி.ஓ. என்றால் பட்டாலியனுக்கே தலைவர். எங்களுக்கு அம்மா, அப்பா, கலெக்டர், ஜட்ஜ் எல்லாம் அவர்தான்; கூப்பிடுவது 'சாப்' என்று.

எங்கள் சி.ஓ. ஒரு சர்தார்ஜி. இளம் அதிகாரியாக வந்த நாளிலிருந்து தமிழ்ப் பையன்களோடேயே இருந்ததால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. திட்டுவதும் தமிழில்தான். பெயர் சொல்லிக் கூப்பிடவே மாட்டார். "டேய் திருவண்ணாமலை, வண்டிய எடு" என்பார். தண்ணீர் லாரி வராத வாரத்தில் எங்களைப் போலவே ஒரு மக் தண்ணீரில் முகம் கழுவி, அதிலேயே தாடியையும் நனைத்துக்கொண்டு வெளியே வந்தவர். அந்த மனுஷனுக்கு வண்டி ஓட்டியதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

என் கதைக்கு வருகிறேன். என் மனைவி அப்போது நிறைமாதம். அதற்கு முன் இரண்டு முறை உண்டாகி, இரண்டும் தங்கவில்லை. இரண்டு முறையும் நான் எங்கேயோ எல்லையில் இருந்தேன். அவள் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், தனியாகத் திரும்பி வந்தாள். இந்த முறை மார்கழியில் பிரசவம் என்றார்கள். போனில் அவள் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை.

"இந்த வாட்டி நீங்க பக்கத்துல இருக்கணும். அவ்ளோதான். வேற ஒண்ணும் வாணாம்" என்றாள்.

இதை வண்டியில் போகும்போது சி.ஓ.விடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "போயிட்டு வாடா. ராணுவம் ஒரு மாசம் நீ இல்லாம ஓடும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அதற்குள் அவருக்கே மாற்றல் வந்துவிட்டது. புது சி.ஓ. கார்த்திகையிலேயே வந்து பொறுப்பேற்பார். என் லீவு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆக, கையெழுத்துப் போட வேண்டியவர் புதியவர். பழையவர் வாயால் சொன்னது புதியவரைக் கட்டுப்படுத்தாது. நல்லவரோ கெட்டவரோ, முகமே தெரியாத ஒருவர் கையில் என் மனைவிக்குக் கொடுத்த வாக்கு போய் மாட்டிக்கொண்டது.

புது சி.ஓ. ஹெலிகாப்டரில் வருவதாகச் சொன்ன நாள் சரியாகத் தீபத்தன்று வந்து விழுந்தது. காலையிலிருந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, வரிசையில் நின்று வெயிலில் காய்ந்தோம். கேரளத்துப் பையன்கள் கிறிஸ்துமஸுக்கு முன்கூட்டியே கட்டியிருந்த காகித நட்சத்திரங்களைப் புது சாப்புக்காக வாசல்வரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கடைசியில் ஹெலிகாப்டர் சாயங்காலம்தான் என்று தகவல் வந்தது. எல்லோரும் கலைந்து சாப்பிடப் போனார்கள்.

எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் ஒரு கை விரல் எண்ணிக்கைக்கு இருந்தோம். அதில் வேங்கிக்கால்காரன் ஒருவன், சமையல்காரன். "நம்மூர் ஆறு மணின்னா இங்க மத்தியானம் ரெண்டரை. ஹெலிகாப்டர் சாயந்தரந்தான் வரும். மேட்டுல ஏத்திடலாமா?" என்றான். முகாமுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கும் மேடு. அந்தச் சப்பை நாட்டில் அதுதான் எங்களுக்குக் கிடைத்த மலை. அவன் சமையல்கட்டிலிருந்து பெரிய டேக்சாவும் நெய்யும் கொண்டு வந்தான். கிழிந்த படுக்கை விரிப்புகளைத் திரியாக முறுக்கிப் போட்டோம்.

நான் மனைவிக்கு வீடியோ கால் போட்டேன். மாடியில் அகல் வரிசையோடு நின்றாள். சுற்றிலும் தெருவே மாடியில் இருந்தது. இங்கே உச்சி வெயில் மண்டையைப் பிளக்கிறது, அங்கே இருட்டிக்கொண்டு வருகிறது. படம் நின்று நின்று வந்தது. திடீரென்று போனே அதிர்கிற மாதிரி சத்தம்.

"ன்னாங்க, ஏத்திட்டாங்க! ஏத்திட்டாங்க! அரோகரா!" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

நாங்களும் கத்திக்கொண்டே பற்றவைத்தோம். காற்றுக்கு நிற்கவில்லை. மறுபடியும் வைத்தோம், மறுபடியும் அணைந்தது. அங்கே மலையில் எரிகிறது, இங்கே எரியவில்லை. பிள்ளைத்தாய்ச்சி பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பதறிவிட்டது. டிரைவர் புத்தி எங்கே போகும்? வண்டியில் இருந்த கேனைத் தூக்கிவந்து கொஞ்சம் டீசலை ஊற்றினேன்.

எரிந்தது! நெய்யும் டீசலும் பழந்துணியும் சேர்ந்து எப்படி எரியுமோ அப்படி எரிந்தது. கரும்புகை தூணாக எழுந்து தண்ணீர்த் தொட்டியையே மறைத்தது. "ஐய, இன்னா இது, கொளுத்திட்டீங்களா?" என்று போனில் அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான் வானத்தில் சத்தம் கேட்டது.

சாயங்காலம் வர வேண்டிய ஹெலிகாப்டர்!

இறங்குமிடத்தில் நாங்கள் ஆரஞ்சுப் புகை விட்டால்தான் விமானி இறங்குவார். வேறு புகை தெரிந்தால், கீழே ஏதோ தாக்குதல் என்று பொருள். அவர் ஒரு வட்டம் போட்டார். மேட்டில் கரும்புகை, அதைச் சுற்றிக் கைகளை உயர்த்திக் கத்துகிற ஆட்கள். வேறு யாராக இருந்தாலும் என்ன நினைப்பார்கள்? மூக்கைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். இங்கே சைரன் ஊதியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைக்கூடக் கழுவாமல் துப்பாக்கியோடு பதுங்கு குழிக்கு ஓடினார்கள். பட்டாலியனே சண்டைக்குத் தயாராகிவிட்டது, நாங்கள் நாலைந்து பேர் செய்த கூத்துக்கு.

சி.ஓ. சாப் மேட்டுக்கு நடந்து வந்தார். டேக்சாவைப் பார்த்தார், கேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "டீசல் யாரு?" என்றார்.

"நான்தான் சாப்."

அவர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இது நான் தீர்க்கிற விஷயம் இல்ல. புது சி.ஓ. வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! இத்தனை நாள் வண்டி ஓட்டினேன். இவர் நினைத்தால் இரண்டு வார்த்தை திட்டி, இன்றே முடித்துவிடலாம். போகிற போக்கில் இப்படிக் கை கழுவிவிட்டாரே என்று அன்றைக்கு முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன். மனைவி மறுபடி கூப்பிட்டாள். "லீவு கையெழுத்து ஆயிடுச்சா?" என்றாள். "ஆயிடும்" என்றேன்.

மறுநாள் புது சி.ஓ. சாலை வழியாகவே வந்து சேர்ந்தார். அந்தச் சாலையில் வந்தால் ஆளுக்கும் வண்டிக்கும் ஒரே நிறம்; புருவம்வரை செம்புழுதி. ஹிமாசலத்துக்காரர், ஒல்லி, சிரிப்பு என்பதே கிடையாது. இறங்கியவரிடம் தண்ணீர் நீட்டினார்கள். வாங்கவில்லை. "என்னோட வந்த டிரைவருங்க சாப்ட்டாங்களா?" என்று கேட்டார். அவரும் எங்கள் ரெஜிமெண்டிலேயே வளர்ந்தவர், தமிழ் வரும். நான் வண்டி நிழலில் நின்று அதைக் கேட்டேன். இருந்த கடுப்பில், ஷோ காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பொறுப்பை ஒப்படைக்க நாலைந்து நாள் ஆகும். இரண்டு பேரும் சேர்ந்தே சுற்றினார்கள். ஒவ்வொரு காவல் கூண்டாக, சமையல்கட்டாக, தண்ணீர்த் தொட்டி மேடுவரைக்கும். நான்தான் ஓட்டினேன். பின்சீட்டில் இந்தியில் தாழ்வாகப் பேசிக்கொண்டே வருவார்கள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். என் காது கேட்க வரவில்லை.

பொறுப்பேற்ற அன்றே புது சி.ஓ. என்னைக் கூப்பிட்டார். எங்கள் வழக்கப்படி, தப்புச் செய்தவன் தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு மார்ச் செய்து போய் சி.ஓ. மேசைமுன் நிற்க வேண்டும். பெல்ட் இல்லாமல் நின்றால் கால்சட்டை நழுவுகிற மாதிரியே இருக்கும். நின்றேன்.

"எங்க ஊர்லயும் மலை இருக்கு. அதுக்கு யாரும் டீசல் ஊத்தறது இல்ல" என்றார்.

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. சிரிக்கவில்லை.

"விமானி பயந்து திரும்பிட்டாரு. கீழே யாராவது பதறிச் சுட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"தப்பு சாப்."

"தப்புதான். உன் சி.ஓ. போற அன்னிக்கு நீ அவர் வண்டிய தொடக்கூடாது. வேற டிரைவர் உக்காருவான்."

சுருக்கென்று தைத்தது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சி.ஓ. விடைபெறும் நாளில் ஜீப்பின் இன்ஜினைப் போடமாட்டோம். வடம் கட்டி, அதிகாரியிலிருந்து முடிவெட்டுகிறவர்வரை எல்லோரும் இழுத்துக்கொண்டுபோய் வாசலில் விடுவோம். தேர் இழுக்கிற ஊரில் பிறந்தவனுக்கு இது எப்படி இருக்கும் சொல்லுங்கள். அந்த ஜீப்பில் ஸ்டியரிங் பிடிக்க வேண்டியவன் நான்தான் என்று மாதக்கணக்கில் மனதில் வைத்திருந்தேன். போச்சு. வண்டிக்கே இப்படி என்றால் லீவு என்ன ஆகும்?

"சாப், என் லீவு..." என்று இழுத்தேன்.

"உன் வீட்ல முன்னாடி ரெண்டு தடவ தங்கலயாமே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை நான் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன்.

"எனக்குப் பொறுப்பு குடுக்கிறப்ப, துப்பாக்கி இத்தனை, வண்டி இத்தனைன்னு மட்டும் குடுக்கல அவரு. ஒவ்வொருத்தனையும் குடுத்தாரு. உன்னப் பத்தி முழுசா சொன்னாரு. மன்னிச்சு விடுங்கன்னு மட்டும் சொல்லவே இல்ல" என்றார். லீவுத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "தப்பு உன்னோடது, தண்டனையும் உன்னோடது. லீவு உன் பொண்டாட்டியோடது. அதுல நான் கை வைக்க முடியாது."

சல்யூட் அடிக்கக்கூட முடியாது, தலையில் தொப்பி இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் கை எடுக்கக் கூடாது. அப்படியே விறைப்பாக நின்றேன்.

விடைபெறும் விருந்தில் அதிகாரிகள்தான் ஜவான்களுக்குப் பரிமாறுவார்கள். புது சி.ஓ. பாயச வாளியோடு வரிசையில் வந்து என் தட்டில் ஊற்றினார். "போதுமா?" என்று கேட்டு, நான் சொல்வதற்குள் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார். அவரை ஷோ காட்டுகிறார் என்று நினைத்த என் வாயில் அந்தப் பாயசம் இனித்தது.

புறப்படும் நாளில் எனக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார். "உனக்குத்தான் புகைன்னா பிரியமாச்சே, நீயே விடு" என்று ஆரஞ்சுப் புகைக் குப்பியைக் கையில் கொடுத்து ஹெலிகாப்டர் இறங்குமிடத்தில் நிற்க வைத்துவிட்டார். தூரத்தில் ஜீப் வந்தது. காகித நட்சத்திரங்களுக்குக் கீழே நூற்றுக்கணக்கான பேர் வடம் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். முன்வரிசையில் புது சி.ஓ. தானே வடம் பிடித்து வந்தார். ஜீப்பில் நின்றிருந்த எங்கள் சர்தார்ஜி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. நான் புகையை விட்டேன். ஹெலிகாப்டர் பூப்போல இறங்கியது.

அதே ஹெலிகாப்டரில்தான் என் லீவுப் பயணமும். அவருக்கு எதிரில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன். சத்தத்தில் பேச முடியவில்லை. தலைநகரில் இறங்கியதும் கேட்டார். "என்னடா திருவண்ணாமலை, கைவிட்டுட்டேன்னு நெனச்சியா?"

"ஆமா சாப்" என்றேன். அவரிடம் எனக்குப் பொய் வராது.

"நான் மன்னிச்சிருந்தா, முதல் நாளே அவரு பேச்சுக்கு மதிப்பு போயிருக்கும். நீங்க எல்லாரும் இனிமே அவரு பசங்க" என்று சொல்லி என் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தார். அந்தத் தமிழ் அடியை நான் எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

நான் ஊர் வந்து சேர்ந்தபோது அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். வயிற்றின் மேல் என் கையை எடுத்து வைத்துவிட்டு, உள்ளே போய்க் காப்பி போட்டாள். மார்கழி பாதியில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்த முறை நான் இருந்தேன். மலைத் தீபக் கொப்பரையில் எடுத்து, திருவாதிரைக்குக் கோயிலில் கொடுத்த தீப மையை வாங்கிவந்து குழந்தை நெற்றியில் இட்டேன். பிறகு யூனிட்டுக்குப் போன் போட்டேன். புது சி.ஓ.வே எடுத்தார்.

"சாப், பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. தீப மை வெச்சுட்டேன்."

"டீசல் கலக்கலயே?" என்றார். முதல்முறையாக அவர் சிரிப்பதைக் கேட்டேன். பிறகு, "அவரு தினமும் எனக்கு போன் பண்ணி, திருவண்ணாமலைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டுட்டே இருக்காரு. முதல்ல அவருக்குச் சொல்லு, போ" என்றார்.