ஸுபைதா டீச்சரின் கையில் இருந்த மண்

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒரு வபாத்தை, யாரோ இறந்த செய்தியை, அறிவித்தார்கள். சொன்ன முழுப்பெயர் எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் தடவை தெருவின் பெயரையும் சேர்த்துச் சொன்னபோதுதான் அது யாரென்று விளங்கியது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தேன். எங்கள் தெரு நாய்கள் பாங்குச் சத்தம் கேட்டால் ஊளையிடாமல் இருந்ததில்லை. அன்று ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. "என்னகா, இண்டைக்கு நாயெல்லாம் எங்க போயிட்டு?" என்று என் கணவர் கேட்டபோதுதான் அதைக் கவனித்தேன்.

ஸுபைதா டீச்சரை உங்களில் பலருக்கு விஞ்ஞான ஆசிரியையாகத் தெரியும். சிலருக்கு 'நாய் டீச்சர்' என்றால்தான் தெரியும். அந்தப் பெயரை வைத்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். அவர்களும் அவருடைய மையத்து வீட்டுக்கு வந்து வாய்விட்டு அழுதார்கள். இருக்கட்டும். அவருடன் ஒரே பாடசாலையில் படிப்பித்தவள், அவர் இழுத்த இழுப்புக்கு நாய்களின் பின்னால் அலைந்தவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

எழுபத்தெட்டுச் சூறாவளி அடித்து ஓய்ந்த பிறகு, கல்முனை குவாட்டர்ஸில் இருந்த வெளியூர் உத்தியோகத்தர்கள் ஒவ்வொருவராக மாற்றம் வாங்கிக்கொண்டு போனார்கள். அல்சேஷன் நாய் வளர்ப்பது அந்த நாளில் உத்தியோகத்துக்கு ஓர் அழகு. கட்டிலும் அலுமாரியும் லொறியில் ஏறும். நாய் மட்டும் கேற்றடியில் நிற்கும். டீச்சர் ஒருநாள் என்னிடம் வந்து, "வட்டைக்குள்ள காட்டுப்பண்டி வந்து வேளாண்மைய உழுதுபோட்டுப் போகுதாம். காவலுக்கு நாய் வைக்க மார்க்கத்தில தடையில்லதானே. நாம கொண்டுபோய்க் குடுப்பம். நீங்களும் வாங்க புள்ள" என்றார். மேற்கே வட்டை என்கிற வயல்வெளிகளில் வாடிக் குடிசை போட்டுக் காவலிருக்கும் விவசாயிகளிடம் ஏற்கனவே பேசி முடித்திருந்தார். எனக்கு நாயென்றால் அன்றும் பயம், இன்றும் பயம். ஆனாலும் போனேன். அவருக்கு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர்கள்தானே நாமெல்லாம்.

முதல் நாய் அசையவே இல்லை. கயிறு போடப்போன காவலாளியைக் கடித்துவிட்டது. தின்னப் போட்ட பாண் துண்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. டீச்சர் நீட்டிய விரலை மட்டும் முகர்ந்து, மூக்கின் ஈரத்தை ஒற்றிவிட்டுப் பழையபடி கேற்றடியில் படுத்துக்கொண்டது. நாயின் ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். டீச்சர் அந்த வீட்டு வளவுக் கிணற்றடியிலேயே ஒரு பிடி மண்ணை அள்ளிக் கையைக் கழுவினார். ஈரக் கையோடு திரும்பி வந்தபோது அந்த நாய் எழுந்தது. கயிறும் இல்லை, அதட்டலும் இல்லை. அவர் வழக்கம்போல ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார், அது பின்னால் நடந்தது. "திரும்பிப் பார்க்காதீங்க புள்ள. நாம பார்த்தா அதுவும் பார்க்கும், பார்த்தா மறுகா வராது" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாய்க்கும் அப்படித்தான். முக்காடு போட்ட இரண்டு டீச்சர்மார் முன்னால் போக, கன்றுக்குட்டி அளவு நாயொன்று சத்தமில்லாமல் பின்னால் வரும். நாங்கள் வரும் தெருவில் ஜன்னல்களைச் சாத்தினார்கள். அவரிடம் ஜின் இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். நான் அதைச் சொன்னபோது டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஜின்னும் இல்ல, ஒண்டும் இல்ல. என்ட கையில அதுட வீட்டு மண் மணக்குது. வீடு எழும்பி நடக்குது எண்டு நினைச்சு வருது, பாவம்." அந்த வளவு மண்ணில் கொஞ்சம் ஒரு பால்மா டின்னில் கொண்டுவந்து வாடியில் நாய் படுக்கும் இடத்தில் தூவிவிடுவார். பிறகு அது அங்கேயே தங்கிவிடும்.

எண்பத்தைந்துக்குப் பிறகு கலவரத்தில் ஊர் குழம்பியபோது எல்லா வகை நாயும் அநாதையானது. கடற்கரைப் பக்கம் ஒரு ஹாஜியார் மௌத்தாகி, அடக்கமும் முடிந்து, பிள்ளைகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய்விட்டார்கள். ஒரு மஞ்சள் நாய் அந்த வாசலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தது. முன்வளவு முழுக்கச் சீமெந்து. டீச்சர் பக்கத்தில் மையத்துகளை அடக்கும் மையவாடியின் வேலியோரத்தில் மண் எடுத்துக் கழுவினார். நாய் அவருடைய கையை முகர்ந்ததும் முனகத் தொடங்கியது. அது எங்கள் பின்னால் வரவில்லை. எங்களுக்கு முன்னால் நடந்தது. மையவாடிப் படலையைத் தலையால் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அடையாளத்துக்கு மீசான் கட்டை நட்டிருந்த ஒரு புதுக் கப்றின் தலைமாட்டில் படுத்தது. பட்டப்பகல். நான் படலைக்கு வெளியே நின்றுவிட்டேன். டீச்சர் தன் கையை முகர்ந்து பார்த்தார். "மண்ண மாத்தி எடுத்திட்டன் புள்ள" என்றார். "இது இப்ப ஹாஜியார்ர வீட்டு மண்." வீட்டின் பின்பக்கம் ஒரு முருங்கையடியில் மண் தேடியெடுத்து, மறுபடி கழுவி, அந்த நாயை வெளியே கொண்டுவர மஃரிப் ஆகி இருட்டிவிட்டது. மண் மாறக் கூடாது என்று அதன்பின் அவர் சொல்லாத நாளில்லை.

அவருடைய சொந்த நாய் டைகர், ஆட்டுக்கொட்டிலில் கிடந்த கிழட்டு அல்சேஷன். டீச்சரின் ஜனாஸாவை அடக்கத்துக்குக் கொண்டுபோன பிறகு அது வீட்டுக் கேற்றடியில் படுத்துவிட்டது. சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு போக வந்த அவருடைய மருமகன் என்னிடம், "டீச்சர், இத நான் என்ன செய்யிற? ஆரும் மருந்து வைச்சு முடிச்சிட்டா நல்லம்" என்றான். கெட்ட பிள்ளையில்லை. அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.

எனக்கு வழி தெரியும். தெரிந்ததுதான் வில்லங்கம். அத்தனை வருடமும் ஒரு நாயையும் நான் தொட்டதில்லை. பிஸ்மி சொல்லி டைகரின் மூக்கைத் தொட்டேன். டீச்சரின் கிணற்றடியில், அவர் வழக்கமாக உடுப்புத் துவைக்கும் கல்லருகில் மண் எடுத்து ஏழு தடவை கழுவினேன். அழுதுகொண்டே கழுவினேன். திரும்பியபோது டைகர் எழுந்து நின்றது.

வட்டையில் என் தம்பியின் வாடி வரைக்கும் நடந்தோம். வாய்க்கால் கட்டில் ஏறும்போது பின்னால் அதன் நகச்சத்தம் நின்றது. வால் ஆடி ஆடிப் பற்றையில் அடிபடும் சத்தம் கேட்டது. அத்தோடு, ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பவரின் செருப்புச் சத்தமும் கேட்டது. டீச்சர் அப்படித்தான் நடப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அதுவும் பார்த்துவிடும், பிறகு வராது.

டைகர் இப்போது சோறு தின்கிறது. ஸுபைதா டீச்சருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு பால்மா டின், அதில் பாதிக்கு அவருடைய கிணற்றடி மண்; மீதியை வாடியில் டைகர் படுக்கும் இடத்தில் தூவிவிட்டேன். வட்டைக்குப் போகும் நாட்களில் அந்த மண்ணில் கையைக் கழுவிக்கொண்டு போகிறேன். டைகர் ஓடிவரும். ஆனால் முதலில் என்னிடம் வராது. எனக்குப் பின்னால் யாரையோ பார்த்து நின்று வாலாட்டும்.

"ஓம் டீச்சர், மண் மாறல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் நான் கையை நீட்டுவேன்.