பிரவுனியில் முட்டை இருக்கிறதா?

ஆயுத பூஜையன்று கற்பூரத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, காட்டாமலேயே கீழே வைத்துவிட்டேன். டெக்ஸாஸ் மாநிலத்துப் பிளானோ நகரில், நம் தமிழர்களிடையே, இது இப்போது ஊர்ச் செய்தி. கை கால் முளைத்து உங்கள் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது.

நடந்தது கதிரேசன் வீட்டில். பொள்ளாச்சிக்காரர், மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பெரிய பொறுப்பில் இருப்பவர். அவருடைய மனைவி வசந்தி, சனிக்கிழமைதோறும் வீட்டு மாடியில் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறார். என் மகள் உமாவின் பெண் நிலாவும் அங்கேதான் படிக்கிறாள். ஏழு வயது. இடைவேளை விட்டால் பிள்ளைகள் அந்த வீடு முழுவதும் ஓடுவார்கள். எந்த அறையும் சாத்தியிருக்காது.

பூஜைக்கு முன் ஒரு சிறு காட்சி. யாரோ கொண்டுவந்திருந்த பிரவுனியை எடுக்கப்போன ஒரு பெண்மணி சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

“வசந்தி, இதுல முட்டை இருக்காம்மா?”

“தெரியலையே ஆண்ட்டி... இருங்க, பார்த்துடறேன்.”

வசந்தி குப்பைக்கூடையைத் திறந்து, அட்டைப் பெட்டியை எடுத்து, பொடி எழுத்தை வரிவரியாகப் படித்து, “இருக்கு ஆண்ட்டி” என்றார். ஆண்ட்டி சுண்டலுக்கு நகர்ந்தார். அவ்வளவுதான். கேட்டவர் கூசவில்லை, கேட்கப்பட்டவர் கோபிக்கவில்லை. எத்தனை பண்பட்ட சமூகம் நாம்.

பிறகு பூஜை. மேசையில் லேப்டாப்கள், கார்ச் சாவிகள், பாடப்புத்தகங்கள், ஒரு டிரில்லிங் மெஷின். நடுவில், பட்டுத்துணியின் மேல், சந்தனமும் குங்குமமும் இட்டு — ஒரு கைத்துப்பாக்கி.

“அங்கிள், இங்க நீங்கதான் பெரியவங்க. நீங்களே ஆரத்தி காட்டுங்க” என்று கதிரேசன் தட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வாங்கிய பிறகுதான் கேட்டேன்.

“இதுல குண்டு இருக்கா, கதிரேசன்?”

“குண்டு இல்லாம எதுக்குங்க அங்கிள்? பேப்பர் வெயிட்டாவா?”

அறையே சிரித்தது.

“பூஜை முடிஞ்சதும் எங்க வைப்பீங்க?”

“பெட் பக்கத்து டிராயர்லதான். இந்தியன் வீடுன்னா தங்கம் இருக்கும்னு குறிவச்சு வர்றாங்க. அந்த நேரத்துல சாவி தேடிட்டு இருக்க முடியுமா?”

“சனிக்கிழமை இத்தனை குழந்தைங்க வர்ற வீடு. குண்டை எடுத்துட்டு, பூட்டி வச்சுட்டு வாங்க. நான் கற்பூரம் காட்டறேன்.”

சிரிப்பு நின்றது. உமா என் காதருகே வந்து, “அப்பா, ப்ளீஸ்... சீன் கிரியேட் பண்ணாதீங்க” என்றாள்.

கதிரேசனின் முகம் சிவந்துவிட்டது. “என் வீட்டுக்கு வந்து எனக்கே பிள்ளை வளர்க்கச் சொல்லித் தர்றீங்களா? என் பையனுக்குப் பதினாலு வயசுங்க. அதைத் தொடக்கூடாதுன்னு அவனுக்குத் தெரியும்.”

தட்டைக் கீழே வைத்தேன். அவரே எடுத்துக் காட்டினார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி வைத்திருப்பது இந்நாட்டில் அவருடைய உரிமை. அதைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு. ஆனால் அன்று நான் கேட்டது அதையல்ல. பூட்டைக் கேட்டேன். குண்டைத் தனியே எடுத்து, துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் வீடுகளில் பிள்ளைகள் தவறுதலாகச் சுட்டுக்கொள்வதும், மனம் உடைந்த ஒரு கணத்தில் வளரிளம் பருவத்தினர் தம்மையே மாய்த்துக்கொள்வதும் குறைகின்றன. பூட்டாத பெரியவரைப் பொறுப்பாக்கும் சட்டங்களும் அதே பலனைத் தருகின்றன. ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவருவது இது. குழந்தை மருத்துவர்கள் தடுப்பூசி பற்றிப் பேசும் அதே குரலில் இதையும் கேட்கிறார்கள். ஏன், டெக்ஸாஸிலேயே குழந்தையின் கைக்கு எட்டும்படி குண்டு நிரப்பிய துப்பாக்கியை வைப்பது குற்றம். ‘இது டெக்ஸாஸ்’ என்று மார்தட்டுபவர்கள் எத்தனை பேர் அந்தச் சட்டத்தைப் படித்திருக்கிறார்கள்?

இன்னொன்றும் அன்றே விசாரித்து அறிந்தேன். அந்த வீட்டு நகைகள் வங்கி லாக்கரில் இருக்கின்றன. நகையைக் காக்க வந்த துப்பாக்கி மட்டும் திறந்த டிராயரில்.

அடுத்த சனிக்கிழமை நிலாவை வகுப்புக்கு அனுப்பவில்லை. உமா என்னோடு சண்டை போட்டாள். பிறகு, சற்று யோசித்து, அவளும் அனுப்ப வேண்டாம் என்றாள். “தாத்தா, வாட் டிட் ஐ டூ?” என்று குழந்தை கேட்டது. நீ ஒன்றும் செய்யவில்லை, கண்ணே. கோயில் பார்க்கிங்கில் ஒருவர், “சாமி காரியத்தை நிறுத்திட்டீங்களாமே சார்” என்று விசாரித்தார். ஒரு கல்லூரியின் முதல்வராக இருந்து, ஒரு சொல்லும் கேளாமல் ஓய்வு பெற்றவன் நான்.

அந்த வாரமே வசந்தி போனில் அழைத்தார். தாழ்ந்த குரல்.

“அங்கிள், நீங்க கேட்டதுல தப்பே இல்ல. லாக் பாக்ஸ் வாங்குங்கன்னு நானும் ரொம்ப நாளா சொல்லிட்டுத்தான் இருக்கேன். வாங்கறதாத்தான் இருந்தார். இப்ப வாங்கினா... நீங்க சொல்லி வாங்கின மாதிரி ஆயிடுமாம்.”

கவனித்தீர்களா? ஒரு பூட்டுக்கும் ஒரு டிராயருக்கும் நடுவில் இப்போது நிற்பது சட்டமல்ல, பணமல்ல, அரசியலுமல்ல — என் பெயர்.

எனவே கதிரேசனைப் பார்க்கப் போனேன். பூஜையை நிறுத்தியதற்கு வருந்துகிறேன் என்றேன். கேள்வியைத் திரும்பப் பெறவில்லை. அந்த நுணுக்கத்தை அவர் கவனிக்கவுமில்லை. நாலு பேர் பார்க்க, “விடுங்க அங்கிள், வயசானா அப்படித்தான்” என்று என் தோளில் தட்டினார். என் தோளில் யாரும் தட்டியதில்லை. பொறுத்துக்கொண்டேன். பதிலுக்குப் பெட்டி வரட்டும்.

வந்தது. கனமான இரும்புப் பெட்டி, எண்களை அழுத்தித் திறப்பது. தமது சொந்த யோசனையாக அதை வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டு, பாதுகாப்பு பற்றி நீண்ட உரையும் எழுதியிருந்தார். கைதட்டல்கள் குவிந்தன. நானும் ஒன்று தட்டினேன்.

நிலாவை மீண்டும் சேர்க்கலாம் என்று உமாவும் நானும் போனபோது, கதிரேசனே பெருமையோடு பெட்டியைக் காட்டினார்.

“அவசரத்துல நம்பர் மறந்துடக் கூடாதுல்லங்க? அதான் பையனோட பர்த்டேவையே வச்சுட்டேன். மாசமும் தேதியும். வீட்ல யாருக்கும் மறக்காது.”

“அதை மாத்திடுங்க, கதிரேசன்” என்றேன்.

அவர் உமாவைப் பார்த்தார். “மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரா?”

நிலா இன்னும் வகுப்புக்குப் போகவில்லை. நேற்று அவர்கள் மகனின் பிறந்தநாள் விழாவுக்கு அழைப்பிதழ் வந்தது, குழுவில் உள்ள அனைவருக்கும். மாதமும் தேதியும் கொட்டை எழுத்தில். அடியில் ஒரு குறிப்பு, யாரும் கவலைப்பட வேண்டாம் என்று: கேக்கில் முட்டை இல்லை.