ஹெட் கிளார்க்கின் எகிப்து நோட்டுகள்

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் மிளகுக் கம்பெனிக்கு எதிரே ஒரு சாயாக்கடை. ஒரு நாள் அங்கே வாழைப்பழ பஜ்ஜியான பழம்பொரியைச் சுற்றித் தந்த காகிதத்தில், எண்ணெயில் ஊறிய ஒரு பறவைப் படத்தையும் பக்கத்தில் மணிமணியான தமிழ்க் கையெழுத்தையும் பார்த்தேன். அது எங்கள் ஹெட் கிளார்க்கின் எழுத்து.

எழுபதுகளிலிருந்தே நான் அந்தக் கம்பெனியில் டைப்பிஸ்ட். அவர் பாலக்காட்டுத் தமிழர். மதியம் தயிர்சாதம் முடிந்ததும், போர்ட் கொச்சியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு, பண்டை எகிப்திய மொழியின் ஓசைகள் எப்படியெல்லாம் மாறின என்று, அதன் பட எழுத்துகளையும் வரைந்து, நோட்டு நோட்டாக எழுதுவார். நாங்கள் செய்யாத கேலி இல்லை. "பெண்பால் வார்த்தைக்குக் கடைசியிலே ஒரு ‘த்’ உண்டு. வாய் அதை எப்பவோ விட்டுடுத்து. கை மட்டும் விடாம எழுதிண்டே இருந்தது" என்பார். உயிரொலிகளை அவர்கள் எழுதவே இல்லையாம். பின்னாளில் அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் சொன்ன ஜெபங்களைக் கொண்டுதான் பலவற்றை ஊகிக்க வேண்டுமாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பக்கவாதம் வந்து அவர் பேச்சு குழறிப்போனது. வலக்கையும் விழுந்துவிட்டதால் எழுதிக் காட்டவும் வழியில்லை. ஒரு நாள் மனைவியோடு ஆபீசுக்கு வந்தார். மனைவி மேனேஜர் அறைக்குள் போயிருந்த நேரத்தில், என்னிடம் நீளமாக ஏதோ சொன்னார். ஒரு சொல்கூடப் புரியவில்லை. திரும்பக் கேட்டால் மனம் நோகுமே என்று "சரி சார், சரி சார்" எனத் தலையாட்டினேன். அவர் முகம் தெளிந்தது. நிம்மதியாகப் போனார்.

அடுத்த மாதம் புதிதாக வந்தவருக்காக அவருடைய அலமாரியை ஒழித்து, அந்த நோட்டுகளோடு பழைய காகிதத்தையெல்லாம் எடைக்குப் போட்டார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பாவி. பழம்பொரிக் காகிதத்தோடு கடைக்காரரிடம் ஓடியபோது, "ஒக்கே தீர்ந்நு, சேச்சி" என்று, எல்லாம் தீர்ந்துவிட்டதாகக் கைவிரித்தார்.

ஓணத்துக்கு முன் ஹெட் கிளார்க் மறுபடி வந்தார். அதே போல் நீளமாகப் பேசினார். "புரியல சார், மன்னிச்சுக்கோங்கோ" என்றேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, கோணிய வாயை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, முதலிலிருந்து சொன்னார். மூன்றாம் முறைதான் பிடிபட்டது.

"நோட்டையெல்லாம்... ஆத்துக்கு அனுப்பச் சொன்னேனே... இன்னும் வரலையே?"

"எல்லாம் போயிடுத்து சார்" என்றேன். சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது.