கொனியோவின் பதிவேட்டில் இரண்டு ஜோயல்கள்

எம்மாவு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் மாணவர் பதிவேடு இருபத்திரண்டு வருடம் கொனியோ வாகியின் கையில் இருந்தது. நான் அதே கட்டடத்தில் நூலகத்தில் வேலை பார்த்தேன். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவள் தும்மினால் எனக்குக் கேட்கும். அதனால் இதில் பாதி என் காதால் கேட்டது, மீதி அவளே சொன்னது.

கொனியோ கடலோரத்துக்காரி. தலைநகர் மோர்ஸ்பி பக்கம், தண்ணீருக்குள் கால் நட்டு வீடு கட்டும் ஊர். எங்கள் சிம்பு மலைக்கு மருமகளாக வந்தவள். புருஷன் சியூனே தச்சன். விடுதிக் கட்டில்களில் பாதி அவன் செய்தவை. இங்கே ஜூன் மாதக் குளிருக்கு அவள் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, மேலே துண்டையும் சுற்றிக்கொண்டு வருவாள். டின் மீனைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இது மீன் இல்ல அக்கா, மீனோட போட்டோ" என்பாள். குளிரையும் டின் மீனையும் தவிர அவளுக்கு எங்கள் ஊர்மேல் குறை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் அவளுக்குக் கர்வம் உண்டு. பதிவேட்டில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் அவளுக்கு முகம் தெரியும். ஜெப மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு பிடரியைப் பார்த்தே யார் வரவில்லை என்று சொல்லிவிடுவாள்.

பல்கலைக்கழகத்துக்கு முப்பது வயது ஆன வருடம், ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்க முடிவானது. பதிவாளர் போதகர் கௌபா அவள் மேசைக்கு வந்தார்.

"கொனியோ, முதல் பக்கம் உன்னோடது. நாம யாரு, நம்ம பிள்ளைங்க யாரு, அவ்வளவுதான். மொத்தம் எத்தனை பேரு, எந்தெந்த மாகாணம், எந்தெந்த சபை. ஒரே பக்கம். படிக்கிறவனுக்குக் குழப்பம் வரக் கூடாது."

"அதுக்கென்ன ஐயா, பதிவேடு இருக்கு, ஒரு நாள் வேலை."

ஆனால் பதிவேட்டில் சபை எழுதும் கட்டம் கிடையாது. ஆகவே ஒரு தாள் அச்சடித்து, புதன்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் எல்லோருக்கும் கொடுத்து எழுதி வாங்கினாள். அன்று மத்தியானத்திலிருந்தே பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் முனகல் ஆரம்பித்தது.

"அக்கா, ஒரு பையன் என்ன சபைன்னு கேட்டதுக்கு, 'அம்மா இருந்தவரைக்கும் லூத்தரன், அப்புறம் மாமா வீட்ல ஓய்வுநாள் சபை, இப்ப எங்க பாட்டு நல்லா இருக்கோ அங்க'ன்னு எழுதியிருக்கான். இவன எந்தக் கட்டத்துல போட?"

"பாட்டுக் கட்டத்துல போடு."

"சிரிக்காதீங்க. இன்னொருத்தி சொந்த மாகாணம்ங்கிற எடத்துல நாலு எழுதியிருக்கா. அப்பா எங்கா, அம்மா மானுஸ், பொறந்தது லே ஆஸ்பத்திரி, வளந்தது புகா."

"சாப்பாட்டுக்கு நாலு தட்டா எடுக்கிறா? ஒண்ணப் போட்டுட்டுப் போவியா!"

அவளால் போட முடியவில்லை. நான்கையும் எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள். மூன்றாம் நாள் மாலை மொத்தத்தைக் கூட்டியபோதுதான் உண்மையான குழப்பம் வந்தது. பதிவேட்டில் எண்ணூற்று நாற்பத்து மூன்று பேர். தாள்கள் எண்ணூற்று நாற்பத்து நான்கு.

மூன்று தடவை எண்ணினாள். பிறகு பெயர் வரிசைப்படி அடுக்கினாள். ஜோயல் காந்தே என்ற பெயரில் இரண்டு தாள் இருந்தது. பிறந்த தேதி ஒன்றே, ஊர் ஒன்றே, அப்பா பெயரும் ஒன்றே. கையெழுத்து மட்டும் வேறு. ஒன்றில் 'கல்வியியல், மூன்றாம் ஆண்டு' என்று எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்து. இன்னொன்றில் பெரிய கோணல் எழுத்தில், 'இன்னும் ஆரம்பிக்கவில்லை.'

ஜோயலை அவளுக்கு நன்றாகத் தெரியும். பாடகர் குழுவில் தாழ்ந்த குரல் பாடுகிறவன். அவள் வீட்டுக்கு அரிசி மூட்டை வந்தால் கேட்காமலே தூக்கிக்கொண்டு போய் வைப்பான். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மத்தியானம் கணக்குச் சொல்லிக் கொடுப்பான். எவனோ விளையாடியிருக்கிறான் என்று நினைத்து விடுதிக்குப் போனாள்.

விடுதி வாசல் படியில் அறிமுகமில்லாத ஒருவன் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். அகலமான தோள், வாயெல்லாம் பாக்குச் சிவப்பு. விடுதியில் பாக்கு போடக் கூடாது.

"நீ யாருப்பா?"

"ஜோயல் காந்தேம்மா" என்றான் அவன், துப்புவதற்கு இடம் தேடிக்கொண்டே.

"எந்த ஜோயல் காந்தே?"

"ஒரே ஜோயல் காந்தேதான். என் பேரு மூணு வருசமா இங்க படிக்குதுன்னு ஊர்ல சொன்னாங்க. அதான் எப்படிப் படிக்குதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன், இன்னும் கண்ணுல படல. ஜெபத்துல பக்கத்துல இருந்தவன் ஒரு தாளக் கைமாத்தினான், நானும் எழுதிக் குடுத்தேன். தப்பாம்மா?"

கொனியோ திரும்பி வந்து, இரண்டு தாளையும் மேசை விரிப்புக்கு அடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அன்று சாப்பிடும்போது சியூனேயிடம் சொன்னாள். அவன் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே, "ஒரு பேருக்கு ரெண்டு ஆளா? எங்கயாச்சும் பேரே இல்லாம ஒரு ஆளு இருப்பான் பாரு, அவன்கிட்ட ஒண்ணக் குடுத்துரு" என்றான்.

"மலைக்காரா, நான் அழற நிலையில இருக்கேன்."

"சரி கடல்காரி, அழாத. இதுல உனக்கென்ன? ஏமாத்துனது அவனுங்க."

"சேத்துக்கிட்டது நான். சேர்க்கைக் கடிதத்தோட அவன் கொண்டுவந்த படம் நகலெடுத்து நகலெடுத்துக் கரியா இருந்துச்சு. வேற படம் கொண்டான்னு சொல்லணும்னு நெனச்சேன். வெளியில மழை, நூறு பேரு வரிசையில நிக்கிறாங்க. போ உள்ளன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

சியூனே உரித்த கிழங்கை அவள் தட்டில் வைத்தான்.

இரண்டு நாள் கழித்து அவள் இருவரையும் தன் அறைக்கு வரச் சொன்னாள். என்னையும் வந்து உட்காரச் சொன்னாள், தனியாக இருக்க பயம் என்று. பாடகர் குழுப் பையன் உள்ளே வந்து, நாற்காலியில் இருந்த அகலத் தோள்காரனைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"வந்துட்டியாண்ணே" என்றான் மெதுவாக.

"வந்துட்டேன் தம்பி. எளச்சிட்டியே, சோறு போடுறாங்களா இல்லையா?"

அந்தப் பையனின் பெயர் மேசாக். ஜோயலின் சித்தப்பா மகன். விஷயத்தை அவனே சொன்னான், கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல். ஜோயல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த வருடம் எம்மாவுக்கு விண்ணப்பித்துவிட்டு, ஒரு பெண்ணோடு நியூ பிரிட்டன் தீவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குப் போய்விட்டான். சேர்க்கைக் கடிதம் வந்தபோது ஆள் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதே வருடம் ஊரில் இரண்டு குலங்களுக்குள் சண்டை மூண்டு, மேசாக் படித்த பள்ளிக்கூடம் எரிந்துபோயிருந்தது. பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. பரீட்சையே நடக்கவில்லை. வகுப்பில் முதல் மாணவன் கையில் ஒரு காகிதமும் இல்லை.

"பெரியவங்க உக்காந்து பேசினாங்கம்மா. காகிதம் இருக்கிறவன் ஓடிட்டான், படிப்பு இருக்கிறவன் இங்க இருக்கான், ரெண்டும் ஒரே ரத்தந்தானேன்னாங்க. பன்னி அடிச்சு எல்லாருக்கும் சோறு போட்டு அனுப்பிவச்சாங்க. நான் வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல."

"மூணு வருசம் இந்தப் பக்கம்தானே நடந்த? ஒரு நாள் வந்து சொல்லக் கூடாதா?"

"உங்க வாசல் வரைக்கும் எத்தனையோ தடவ வந்தேம்மா. 'ஜோயல், உள்ள வா'ம்பீங்க. அந்தப் பேரக் கேட்டதும் வாய் அடைச்சிரும்."

ஜோயல் இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குக் கோபமே இல்லை. பெண்ணோடு ஒத்துவரவில்லையாம், தோட்ட வேலை முதுகை ஒடிக்கிறதாம், இனிப் படிக்கலாம் என்று இருக்கிறானாம்.

"தம்பி எடத்தச் சூடா வச்சிருக்கான். திங்கக்கெழமையிலேர்ந்து நான் உக்காந்துக்கிறேன். அவன் பாவம், ஊருக்குப் போய் அவங்கம்மாவப் பாக்கட்டும். மூணாவது வருசம்தானே இப்ப?"

"நீ முதல் ரெண்டு வருசம் படிக்கலியேப்பா" என்றேன் நான், பொறுக்க மாட்டாமல்.

"மார்க்கு யார் பேர்ல இருக்கு?"

கொனியோ பதிவேட்டைப் பிரித்தாள். ஐந்து பருவத்து மதிப்பெண்ணும் அவள் கையெழுத்தில் ஜோயல் காந்தே என்ற பெயருக்கு எதிரே இருந்தன. பதிவேட்டின்படி பார்த்தால் அவன் சொல்வதுதான் சரி. அவளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மேசாக்கே அண்ணனைப் பார்த்து, "அதுவும் நியாயந்தான்" என்று முணுமுணுத்தான். அந்த அறையில் நால்வரில் ஒருவருக்கும் எது நியாயம் என்று தெரியவில்லை.

கடைசியில் மேசாக் கேட்டான்: "அம்மா, இன்னும் மூணு பருவந்தான். முடிச்சதும் நானே போய்ச் சொல்லிர்றேன். அதுவரைக்கும் அந்தத் தாள் ஒண்ணு தொலஞ்சுபோச்சுன்னு இருக்கக் கூடாதா?"

அவள் பதிவேட்டை மூடி, இருவரையும் அனுப்பிவைத்தாள். அன்று இரவு அவள் தூங்கவில்லை என்று சியூனே பிறகு சொன்னான். ஒரு தாளைக் கிழித்துவிட்டால் கணக்கு சரியாகிவிடும். ஆனால் இந்தப் பையன் வாத்தியாராகி ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், இன்னொருவன் பெயரில் வருகைப் பதிவேட்டைத் திறந்து பிள்ளைகளின் பெயரைக் கூப்பிடுவானே, அதை நினைத்தால் தாளைக் கிழிக்கக் கை வரவில்லை என்றாள். சொல்லிவிட்டால் இவன் படிப்பு போச்சு. இரண்டும் பாவமாகத்தான் பட்டது.

காலையில் போதகர் கௌபாவிடம் இரண்டு தாளையும் கொண்டுபோய் வைத்தாள். தான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதையும் முதலில் சொல்லிவிட்டாள். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்ப மொத்தம் எத்தனை பேருன்னு எழுதுறது? நாப்பத்து மூணா, நாலா?" என்றார்.

"ஒருத்தன் பேர் இல்லாம படிச்சான். ஒருத்தன் படிக்காம பேர் வச்சிருந்தான். நாப்பத்து ரெண்டுன்னும் எழுதலாம் ஐயா."

ஆட்சிக்குழு இரண்டு முறை கூடியது. ஜோயலின் சேர்க்கைக் கடிதம் காலாவதியாகிவிட்டதால் அவனுக்கு இடமில்லை. மேசாக் உண்மையை ஒப்புக்கொண்டதால் போலீசுக்குப் போகவில்லை. ஆனால் மதிப்பெண்கள் ரத்து. தன் சொந்தப் பெயரில் பன்னிரண்டாம் வகுப்பு தேறி வந்தால் முதலாம் ஆண்டில் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். கொனியோவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதை அவளே தன் கோப்பில் துளை போட்டுக் கோர்த்தாள்.

மேசாக் கிளம்பிய அன்று அவள் நெடுஞ்சாலை வரை போனாள். நானும் போனேன். வேன் வந்து நின்றதும், "பாத்துப் போ, ஜோ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவன் சிரிக்க முயன்றான்.

"எந்தப் பேரச் சொன்னாலும் திரும்பிப் பாப்பேம்மா" என்று சொல்லி ஏறிக்கொண்டான்.

பாடகர் குழு ஒரு வாரம் அவளிடம் பேசவில்லை. முதலாம் ஆண்டுப் பெண் ஒருத்தி நேரே வந்து, "எங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தது பேரா, ஆளா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அந்தக் கேள்வி கொனியோவை எச்சரிக்கைக் கடிதத்தைவிட அதிகமாகக் குத்தியது.

ஜோயல் ஊருக்குத் திரும்பவில்லை. நெடுஞ்சாலை ஓரம், எங்கள் வாசலுக்கு எதிரே, பாக்குக் கடை போட்டான். மாணவர்கள் அவனை 'பட்டதாரி' என்று கூப்பிடுவார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது.

மேசாக் தொலைநிலைக் கல்வியில் படித்து, இரண்டு வருடம் கழித்துத் தன் சான்றிதழோடு வரிசையில் வந்து நின்றான். கொனியோ படத்தை வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்து, இரண்டு தடவை பார்த்தாள். அவன் அசையாமல் நின்றான். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"பேரு?"

"மேசாக் காந்தே."

"சபை?"

"லூத்தரன். ஒண்ணே ஒண்ணுதாம்மா."

ஏற்கெனவே எழுதிய பரீட்சைகளையே அவன் மறுபடி எழுதினான். சில பாடத்தில் பழைய மதிப்பெண்ணைவிடக் குறைவாக வாங்கினான். அது எப்படி என்று அவனுக்கே புரியவில்லை. கூடப் படித்தவர்கள் அவனைவிட ஐந்தாறு வயது சின்னவர்கள். 'பெரியண்ணன்' என்று கேலி செய்தார்கள். ஞாயிறு மத்தியானக் கணக்கு வகுப்பு மறுபடி தொடங்கியது.

அவன் பட்டம் வாங்குவதற்கு ஒரு வருடம் முன்பே கொனியோ ஓய்வு பெற்று, சியூனேயையும் கூட்டிக்கொண்டு கடலோரம் போய்விட்டாள். மலைக்காரனுக்கு அங்கே வெயில் தாங்கவில்லையாம். போன மாதம் போனில் பேசினோம். மேசாக் கெரோவாகி பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியாராகச் சேர்ந்துவிட்டான் என்று சொன்னேன். அந்தப் பக்கம் அவள் ஏதோ கூட்டிப் பார்ப்பது அலைச் சத்தத்தோடு கேட்டது.

"அக்கா, அந்தத் தாளக் கிழிச்சிருந்தா அவன் அஞ்சு வருசம் முன்னாடியே வாத்தியார்."

"ஆமா."

"நான் செஞ்சது சரியா?"

"தெரியல கொனியோ."

"எனக்கும்தான்" என்றாள். பிறகு, சியூனே மீன் முள்ளைத் தொண்டையில் மாட்டிக்கொண்டு இருமுகிறான் என்று போனை வைத்துவிட்டாள்.