ஹவில்தார் நீட்டிய தோல்வார்

என் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு தோல்வார் தொங்குகிறது. நாய் கட்டும் வார். ஒரு முனையில் பித்தளைக் கொக்கி, மறுமுனையில் கை நுழைக்க ஒரு வளையம். வளையத்தின் உட்புறம் மட்டும் கறுத்து வழுவழுவென்று இருக்கும். ஹவில்தாரின் கை இருந்த இடம் அது. போன வாரம் செய்தித்தாளில் ஒரு படம் பார்த்தேன். ராணுவத்தில் வேலை முடித்த நாய் ஒன்றுக்கு மாலை போட்டு, ஒரு குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கிறார்கள். எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிறார்கள். வேலைக்காலம் முழுக்கக் கால்நடை மருத்துவம் பார்த்த நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் புத்தி வர இத்தனை காலமா என்று பேப்பரைச் சுருட்டி மூலையில் எறிந்தேன். அப்புறம் எழுந்துபோய் அந்த வாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

நன்னிலம் பக்கத்து ஊர் ஒன்றின் மாட்டாஸ்பத்திரியில்தான் எனக்கு முதல் வேலை. கோட்டையில் ஆட்சி மாறி, நில உச்சவரம்பு என்ற பேச்சு வாய்க்கால் வரப்பு வரை வந்திருந்த காலம். எங்கள் ஊர் மிராசுதார் அதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை. கதர்த் துண்டைப் பெட்டியில் வைத்துவிட்டுக் கரை வேட்டிக்கு மாறினார். நிலத்தைச் சமையல்காரர் பேரிலும் கணக்குப்பிள்ளையின் மைத்துனர் பேரிலும் பினாமியாக எழுதினார். கைநாட்டு வைக்கத் தெரிந்திருந்தால் நாய் பேரிலும் எழுதியிருப்பார் என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அந்த நாயைப் பிடித்துக்கொண்டுதான் ஹவில்தார் முதல்முதலாக என்னிடம் வந்தார்.

ராணுவத்தின் நாய்ப் பிரிவில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். நெட்டையான ஆள். சலவை கலையாத காக்கிச் சட்டை. மிராசுதார் வீட்டில் அவரை "ஏ பட்டாளம்" என்று கூப்பிடுவார்கள். சேரியில் அவர் அம்மாவின் குடிசை நின்ற மனை மிராசுதாருடையது. அதனால் நாயைப் பழக்கு என்று சொல்லப்பட்டபோது மறுக்க அவருக்கு வழியில்லை. நாய்க்குக் கழுத்துப் பட்டை உரசிப் புண் ஆகியிருந்தது. "உக்காரு" என்றார், உட்கார்ந்தது. பட்டையையும் வாரையும் கழற்றி, உரசும் இடத்தைக் காட்டுவதற்காக என்னிடம் நீட்டினார். "மேசையில வையுங்க" என்றேன். வைத்தார். புண்ணுக்கு மருந்து போட்டு அனுப்பினேன். அன்றைக்கு அதைப் பற்றி நான் வேறு எதுவும் நினைக்கவில்லை.

புண் ஆறும்வரை நாலைந்து தடவை வந்தார். வரும்போதெல்லாம் நான் கேட்பேன், அவர் சொல்வார். கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித்தராத பாடம் அது. தாய் வழி, தகப்பன் வழி பார்த்து இணை சேர்ப்பார்களாம். குட்டிகள் கண் திறந்து நடக்க ஆரம்பித்ததும் பக்கத்தில் ஒரு தகரத் தட்டைத் தொப்பென்று போட்டுப் பார்ப்பார்களாம். ஓடி ஒளிகிற குட்டியைக் கழித்துவிடுவார்கள். என்ன சத்தம் என்று மோந்து பார்க்க வருகிற குட்டியை வைத்துக்கொள்வார்கள். வைத்துக்கொண்ட குட்டியின் காதுக்குள் ஒரு எண் பச்சை குத்துவார்கள். மிராசுதாரின் டைகர் அப்படித் தட்டுச் சத்தத்துக்கு ஓடிக் கழிக்கப்பட்ட குட்டி. ராணுவத்தில் அதிகாரியாக இருந்த மருமகன் கொண்டுவந்து கொடுத்தது. பட்டாள ஜாதி என்று மிராசுதார் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். அது பட்டாளம் வேண்டாம் என்று தள்ளிய குட்டி என்பதை ஹவில்தார் அவரிடம் சொல்லவே இல்லை.

ஒரு நாய்க்கு ஒரு ஆள், அதுதான் அங்கே சட்டம். சோறு, குளியல், சீப்பு, விளையாடப் பந்து எல்லாம் அந்த ஒருவன் கையால்தான். மோப்பம் பிடித்துக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும், அவ்வளவுதான் நாய்க்குத் தெரியும். "குண்டைத் தேடுறோம்னு அதுக்குத் தெரியாது டாக்டர் சார். பந்தைத் தேடுறோம்னுதான் நெனைச்சுக்கிட்டு இருக்கும்" என்றார். ஆள் மாற வேண்டி வந்தால் பழையவனும் புதியவனும் பத்து நாள் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒரே தட்டில் இரண்டு பேரும் கை வைத்துப் பிசைந்த சோற்றை நாய் தின்ன வேண்டும். கடைசி நாளில் பழையவன் வாரைப் புதியவனின் கையில் வைப்பான். இரண்டு கையும் வாரில் இருப்பதை நாய் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் புதியவன் சொல்லை அது கேட்கும்.

மிராசுதாருக்கு நாய் எதற்கு என்பது ஊருக்கே தெரியும். கூலி நெல்லில் ஒரு படி கூட்டிக் கேட்டுச் சேரி ஆட்கள் அறுவடைக்கு வர மறுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியூர் ஆட்களை இறக்கி அறுக்கப் பார்த்தார் மிராசுதார். வரப்பை மறித்து நிற்பவர்களை விரட்ட ஒரு நாய் வேண்டும். அவர்கள் விஷம் வைத்துவிடுவார்கள் என்று பயந்து, வேறு யார் கையாலும் தின்னாதபடி அதைப் பழக்கச் சொல்லியிருந்தார். ஹவில்தார் அப்படியே பழக்கினார். தன் சொந்த ஜனத்தின் மேல் ஏவப்போகிற நாய்க்குத் தன் கையாலேயே சோறு ஊட்டினார். குடிசை மனை என்ற கட்டு அவர் கழுத்தில் கிடந்தது. இதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

நாயை ஒப்படைத்த அன்று நான் மிராசுதார் வீட்டுக் கொல்லையில் இருந்தேன். பசு ஒன்று கன்று போட முடியாமல் கிடந்தது. பத்து நாள் சேர்ந்து சோறு வைக்க வேண்டும் என்று ஹவில்தார் பணிவாகத்தான் சொன்னார். ஐயா ஒரு கை, நான் ஒரு கை, ஒரே தட்டில் என்றார். மிராசுதார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பிறகு ஹவில்தார் வாரை நீட்டி, இதையாவது கையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

"அதெல்லாம் ஒன் பட்டாளத்துல. இங்க அந்தக் கல்லு மேல வச்சுட்டுத் தள்ளி நில்லு" என்றார் மிராசுதார்.

துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு ஹவில்தார் பத்தடி பின்னால் போனார். மிராசுதார் ஒரு செம்புத் தண்ணீரை வாரின் மேல் ஊற்றிவிட்டு எடுத்தார். நாய் தலையைத் திருப்பி ஹவில்தாரையே பார்த்துக்கொண்டிருந்தது. என் கை பசுவின் வயிற்றுக்குள் முழங்கை வரை இருந்தது. என் வாயை யாரும் கட்டிப்போடவில்லை, ஆனாலும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அறுவடை தொடங்கிய காலையில் ரோட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டு நானும் பார்த்தேன். பெண்கள் அரிவாளோடு வரப்பில் வரிசையாக நின்றார்கள், ஆண்கள் பின்னால். அவர்களுக்கு நடுவில் காக்கிச் சட்டையில் ஹவில்தார். குடிசை போனால் போகட்டும் என்று அன்று காலை முடிவெடுத்து வந்து நின்றவர். மிராசுதார் கொக்கியை எடுத்துவிட்டு, ஹவில்தாரிடம் கேட்டுப் பாடம் பண்ணிய இந்திச் சொல்லைக் கத்தினார். டைகர் வரப்பில் பாய்ந்து வந்தது. பெண்கள் சேற்றில் குதித்தார்கள். நாய் நேரே ஹவில்தாரிடம் போய், அவர் இடது காலை ஒட்டி, முன்பக்கம் பார்த்து ஒழுங்காக உட்கார்ந்தது. யாரோ ஒரு பெண் முதலில் சிரித்தாள். பிறகு வயலே சிரித்தது.

அந்தச் சிரிப்பைத்தான் மிராசுதாரால் தாங்க முடியவில்லை. சேற்றை மிதித்துக்கொண்டு வந்து, தடியால் நாயை அடித்தார். மூன்றாவது அடிக்கு அது அவர் மணிக்கட்டைக் கவ்வியது. "விடு" என்றார் ஹவில்தார். விட்டுவிட்டது. மதியத்துக்குள் நாய் என் ஆஸ்பத்திரி வாசலில் கட்டிக் கிடந்தது. வெறிநாய் என்று சீட்டு எழுதி, ஊசி போட்டு முடித்துவிட வேண்டும் என்று உத்தரவு. அதுவரை வாய் மூடிக் கிடந்த எனக்கு அப்போதுதான் ரோஷம் வந்தது. கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும், அதற்கு முன் எந்தச் சீட்டும் எழுத முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அந்த நாய் இனி தன் வாசலை மிதிக்கக் கூடாது என்று மிராசுதாரிடமிருந்து பதில் வந்தது.

நான் வைத்த சோற்றை டைகர் மோந்துகூடப் பார்க்கவில்லை. ஹவில்தார் தினமும் சாயங்காலம் நடந்து வந்து ஊட்டிவிட்டுப் போனார். அப்படி ஒரு சாயங்காலம்தான் ரீட்டாவைப் பற்றிச் சொன்னார். ராணுவத்தில் அவரிடம் இருந்த நாய். எத்தனையோ பேர் உயிரைத் தன் மூக்கால் காப்பாற்றியது. வயதாகி, பின்னங்கால் மூட்டு வீங்கியதும் 'அன்ஃபிட்' என்று எழுதிவிட்டார்கள். உடைந்த நாற்காலிக்கும் அங்கே அதே சொல்தான். வாரை அங்கிருந்த கால்நடை டாக்டர் கையில் கொடு என்று இவருக்கு உத்தரவு.

"நான் யார் கையில வாரைக் குடுக்கிறேனோ அவங்க நம்மாளுன்னு அதுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான் டாக்டர் சார். வாலை ஆட்டிக்கிட்டே உள்ள போச்சு" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து வார் மட்டும் திரும்பி வந்ததாம். டைகரைக் கட்டியதும், இப்போது என் ஆணியில் தொங்குவதும் அந்த வார்தான். கேட்டு வாங்கி ஊருக்குக் கொண்டுவந்திருந்தார்.

பிறப்பதற்கு முன்பே தாய் தகப்பனைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள், காதில் எண் குத்தினார்கள், பனியிலும் குண்டுக்கு நடுவிலும் நடக்கவிட்டார்கள். கால் வீங்கியதும் ஒரு ஊசி. ஓய்வு கொடுக்கச் சோறில்லாத தேசமா இது? ஊசியைப் பிடித்த கை என் தொழில்காரனின் கை. நாயின் நம்பிக்கையையே அதைக் கொல்லும் கயிறாகப் பயன்படுத்தியவர்கள், அந்த ஹவில்தாரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டதில்லை. இன்று மாலை போட்டுப் படம் எடுக்கிறவர்களும் கேட்கவில்லை.

பத்தாம் நாள் காலை, வெறி இல்லை என்று ஏட்டில் எழுதினேன். மிராசுதார் வேண்டாமென்று தள்ளிய நாய்தான் என்றாலும், அதைச் சேரிக்குக் கொண்டுபோனால் திருட்டுக் கேஸ் போட்டுவிடுவார்கள் என்று ஹவில்தாருக்குத் தெரியும். "நானே வச்சுக்கிறேன்" என்றேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். டைகரை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தார். வாரை இரண்டாக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு, நீட்டாமல் நின்றார்.

"மேசையில வைக்கட்டுங்களா டாக்டர் சார், கையில வாங்கிக்கிறீங்களா?" என்றார்.

குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு முகம் சுட்டது. மேசையில் வைக்கச் சொல்லிவிட்டு நான் மறந்துபோன முதல் நாளை அவர் மறக்கவில்லை. கையை நீட்டி வாங்கினேன். அவர் கையும் என் கையும் வளையத்துக்குள் இருந்தன. நாய் பார்த்தது. அடுத்த பத்து நாளும் வந்து, ஒரே தட்டில் என்னோடு சேர்ந்து சோறு பிசைந்தார். மாதம் முடிவதற்குள் எனக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஹவில்தார் அம்மாவின் குடிசையைப் பிரித்துப் போட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். டைகர் என் வீட்டில் கிழடாகி, பின்னங்கால் வீங்கி, என் மடியில் தலை வைத்துத் தானாகச் செத்தது.

வாரை ஆணியிலிருந்து எடுக்கும்போதெல்லாம் மிராசுதாரைத் திட்டுகிறேன், ராணுவத்தையும் திட்டுகிறேன். திட்டி முடித்த பிறகும் என் மேல் கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மிராசுதாரிடம் ஹவில்தார் அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்.